அமெரிக்காவில் டிபிடி படிப்பில் சேர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயன்முறை மருத்துவத்துக்கான டிபிடி (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) பட்டம் படிக்க விரும்பும் மாணவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்த பதில்களை இங்கே ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஜிபிஏ (4.0 வரையிலான கிரேடுகளின் சராசரி), முன்தேவைப் பாடம் (சேரும் முன் முடித்திருக்க வேண்டிய பாடம்), அப்சர்வேஷன் நேரம் ஆகிய சொற்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வழங்கினாலும், ஒவ்வோரிடத்திலும் அவற்றைக் கணக்கிடும் முறை வேறுபடுகிறது. நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்கின.

டிபிடி என்பது பிஎச்டி மாதிரியா? முடித்தால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா?

டிபிடி ஆராய்ச்சிப் பட்டம் அன்று. அமெரிக்காவின் எம்.டி. பட்டத்தைப் போல, ஒரு தொழிலுக்குள் நுழைவதற்கான பட்டம் அது. பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் நடக்கும் இப்படிப்பில் உடற்கூறியல், நரம்பியல், எலும்பு மூட்டு தசை சார்ந்த சிகிச்சை போன்ற வகுப்புகளும், மொத்தம் 30 வாரங்களுக்குக் குறையாத முழுநேர மருத்துவமனைப் பயிற்சியும் அடங்கும். இரண்டு ஆண்டு அளவில் முடிக்கும் விரைவுப் படிப்புகளும் உண்டு. ஆராய்ச்சியில் நாட்டம் உள்ளவர்கள் பிஎச்டியைத் தனியாகவோ, சில இடங்களில் டிபிடியுடன் இணைத்தோ படிக்கிறார்கள்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரைட்டன் பல்கலைக்கழகம் 1993-இல் முதல் டிபிடி படிப்பைத் தொடங்கியது. அதற்கு முன் இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்துடனேயே இத்தொழிலுக்கு வந்தார்கள். 2016 முதல், தொழிலுக்குள் நுழைவதற்கான படிப்பு டிபிடியாகவே இருக்க வேண்டும் என்பது அங்கீகார விதி. டாக்டர் என்று குறிப்பிட்டுக்கொள்வதைப் பொறுத்தவரை, பட்டம் அதற்கு இடந்தருகிறது. ஆனால் தாம் இயன்முறை மருத்துவர் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நோயாளிக்குக் குழப்பம் நேரும்; மாநிலச் சட்டங்களும் இதில் வேறுபடுகின்றன.

நான் பொருளாதாரம் படித்தவள். இளநிலையில் அறிவியல் படித்திருந்தால்தான் சேர முடியுமா?

எந்தத் துறையில் இளநிலைப் பட்டம் பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். உடலியக்கவியல், உயிரியல் போன்ற துறைகளிலிருந்து வருவோரின் எண்ணிக்கை மிகுதி என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம், முன்தேவைப் பாடங்கள் அத்துறைகளின் பாடத்திட்டத்துக்குள்ளேயே அமைந்துவிடுவதுதான். இசையோ பொருளாதாரமோ படித்தவர் அப்பாடங்களைத் தனியாக முடித்துவிட்டால் அவரும் அதே வரிசையில்தான் நிற்பார். பள்ளியிலிருந்தே சேர்த்துக்கொண்டு இளநிலையையும் டிபிடியையும் ஆறு ஆண்டுகளில் முடிக்கவைக்கும் கல்லூரிகளும் உண்டு. அவற்றின் விதிகள் தனி.

அந்த முன்தேவைப் பாடங்கள் எவை?

பொதுவான அடித்தளம் இதுதான்: மனித உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு செமஸ்டர், பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், இயற்பியல் இரண்டு செமஸ்டர், உயிரியல் ஒன்று அல்லது இரண்டு செமஸ்டர். இவை எல்லாம் ஆய்வகத்துடன் இருக்க வேண்டும். இவற்றுடன் புள்ளியியல் ஒரு பாடமும் உளவியல் ஒன்று அல்லது இரண்டு பாடங்களும் சேரும். உடற்பயிற்சி உடலியங்கியல், மருத்துவச் சொற்கள், ஆங்கிலக் கட்டுரை எழுதுதல் ஆகியவற்றைச் சில பல்கலைக்கழகங்கள் கூடுதலாகக் கேட்கும்.

இடறல்கள் பட்டியலில் இல்லை, நிபந்தனைகளில் இருக்கின்றன. உடற்கூறியலை விலங்கியல் துறையில் படித்திருந்தால், அது மனித உடற்கூறியல்தானா என்று கேட்பார்கள். உயிரியல் என்ற இடத்தில் தாவரவியலை ஏற்காத பல்கலைக்கழகங்கள் உண்டு. கால்குலஸ் இல்லாத இயற்பியலைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஆனால் உயிரியல் மாணவர்களுக்கென எளிமையாக்கப்பட்ட ஒரு செமஸ்டர் இயற்பியலை ஏற்பதில்லை. இணையவழி ஆய்வகத்தை ஓரிடம் ஏற்கும், இன்னோரிடம் மறுக்கும். அறிவியல் பாடங்கள் ஐந்து, ஏழு அல்லது பத்து ஆண்டுகளுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்ற காலவரம்பும் பல இடங்களில் உண்டு. ஐயம் இருந்தால், அந்தப் பாடத்தின் விவரக் குறிப்பை இணைத்துச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதில் பின்னாளில் உதவாது.

எங்கள் கல்லூரியில் குவார்ட்டர் முறை. வேதியியல் இரண்டு பாடம் முடித்துவிட்டேன், போதும்தானே?

போதாது. குவார்ட்டர் என்பது செமஸ்டரைவிடக் குறுகிய பருவம். அதில் பெறும் ஒரு கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. ஐந்து கிரெடிட் கொண்ட குவார்ட்டர் பாடங்கள் இரண்டு படித்தால் கையில் இருப்பது சுமார் 6.67 செமஸ்டர் கிரெடிட்; கேட்கப்படுவதோ வழக்கமாக 8. மூன்றாவது குவார்ட்டரையும் படித்தால் 10 ஆகிவிடும். செமஸ்டர் கல்லூரியில் முதல் பகுதியையும் குவார்ட்டர் கல்லூரியில் அடுத்த பகுதியையும் படிக்கத் திட்டமிடுவோர் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜிபிஏ 3.0 இருந்தால் இடம் கிடைத்துவிடுமா?

3.0 என்பது பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்வதற்கான குறைந்தபட்ச அளவு. சேர்க்கை பெறுவோரின் சராசரி பெரும்பாலும் 3.5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. ஆகவே ஒரு பல்கலைக்கழகம் அறிவிக்கும் குறைந்தபட்ச அளவைவிட, அதன் அண்மை வகுப்பின் சராசரியே உங்கள் வாய்ப்பை மதிப்பிட உதவும். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் மாணவர் பட்டம் பெறும் விகிதத்தையும், உரிமத் தேர்வில் தேர்ச்சி விகிதத்தையும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டியிருக்கிறது. சேர்ந்தவர்களின் சராசரியையும் பலர் அத்துடன் வெளியிடுகிறார்கள்.

எந்த ஜிபிஏ என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. மொத்த ஜிபிஏ, அறிவியல் பாடங்களின் ஜிபிஏ, முன்தேவைப் பாடங்களின் ஜிபிஏ, கடைசி 60 கிரெடிட்டின் ஜிபிஏ என நான்கு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. முதலாண்டில் தடுமாறிப் பின்னர் தேறியவருக்குக் கடைசி 60 கிரெடிட்டைப் பார்க்கும் பல்கலைக்கழகம் பொருந்தும். மொத்த ஜிபிஏவை உயர்த்துவது எவ்வளவு மெதுவான வேலை என்பதற்கு ஒரு கணக்கு: 120 கிரெடிட்டில் 2.9 வைத்திருப்பவர், மேலும் 12 கிரெடிட் படித்து அனைத்திலும் ஏ வாங்கினால்தான் சரியாக 3.0-ஐத் தொடுவார். அதே 12 கிரெடிட் முன்தேவைப் பாடங்களாக இருந்தால், அந்தச் சிறிய கூட்டலில் அவற்றின் எடை பல மடங்கு அதிகம்.

வேதியியலில் சி வாங்கினேன். மறுபடி படித்து ஏ வாங்கினால் பழைய கிரேடு மறைந்துவிடும் இல்லையா?

உங்கள் கல்லூரி தரும் டிரான்ஸ்கிரிப்டில் (பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய சான்றில்) மறையலாம், விண்ணப்பத்தில் மறையாது. பெரும்பாலான டிபிடி படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் பொது இணைய அமைப்பான பிடிகாஸ், ஒரு பாடத்தை எத்தனை முறை படித்திருந்தாலும் அத்தனை கிரேடுகளையும் கூட்டிச் சராசரி எடுக்கிறது. நான்கு கிரெடிட் வேதியியலில் முதலில் சி, பிறகு ஏ என்றால், பிடிகாஸ் கணக்கில் அது எட்டு கிரெடிட்டில் 3.0 ஆகிறது. கல்லூரி காட்டும் ஜிபிஏவும் பிடிகாஸ் காட்டும் ஜிபிஏவும் வேறுபட்டு அதிர்ச்சி தருவது பெரும்பாலும் இதனால்தான்.

இதற்குப் பிறகு பல்கலைக்கழகம் தன் சொந்தக் கணக்கைப் போடலாம். உயர்ந்த கிரேடை மட்டும் எடுத்துக்கொள்வோரும் இருக்கிறார்கள். மறுபடி படிப்பதற்கு எண்ணிக்கை வரம்பு வைத்திருப்போரும் இருக்கிறார்கள். சி மைனஸ் வாங்கிய முன்தேவைப் பாடத்தைப் பொதுவாக ஏற்பதில்லை என்பதால், அதைத் திரும்பப் படிப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு பி கிரேடை ஏ ஆக்குவதற்காக ஒரு செமஸ்டரைச் செலவிடுவது பெரும்பாலும் வீண் என்பது என் கருத்து.

ஜிஆர்ஈ எழுத வேண்டுமா?

மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான இதை 2020-க்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் கைவிட்டன. சில இன்னும் கேட்கின்றன. நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் பட்டியலில் ஒன்று மட்டுமே கேட்டால், அந்த ஒன்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா என்றும் யோசியுங்கள். எழுதுவதாக இருந்தால், மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். 2023 செப்டம்பர் முதல் தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மதிப்பெண்ணை அனுப்பும்போது, பல்கலைக்கழகத்தின் பொதுக் குறியீட்டையும் பிடிகாஸுக்கென உள்ள குறியீட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்சர்வேஷன் நேரம் என்றால் என்ன? என் மாமாவின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் கணக்கில் வருமா?

உரிமம் பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதை உடனிருந்து பார்க்கும் நேரம் அது. சில பல்கலைக்கழகங்கள் கேட்பதே இல்லை. 40 மணி நேரம் கேட்போரும், 100 மணி நேரத்துக்கு மேல் கேட்போரும் உண்டு. மருத்துவமனையில் உள்நோயாளிப் பிரிவிலும் வெளியே தனிக் கிளினிக்கிலும் என இரண்டு சூழல்களிலாவது பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அடிக்கடி வரும். ஊதியம் பெற்று உதவியாளராகப் பணிபுரிந்த நேரத்தையும் பலர் ஏற்கிறார்கள்.

உறவினரின் மேற்பார்வையில் கழித்த நேரத்தை ஏற்காத பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஏற்கும் இடத்திலும் அது ஐயத்துடன்தான் பார்க்கப்படும். மாமாவின் கிளினிக்கில் வேறொரு மருத்துவர் இருந்தால் அவருடன் இருங்கள், அவரே கையொப்பமிடட்டும். அமெரிக்காவுக்கு வெளியே கழித்த நேரம் ஏற்கப்படுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, மணி நேரத்தை எண்ணுவதோடு நின்றுவிடாமல், அன்றன்று பார்த்ததைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் இருக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவர் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறப் பழகுவதைப் பார்த்த ஒரு பிற்பகல், கட்டுரையிலும் நேர்காணலிலும் எந்தப் பொது வாக்கியத்தையும்விடப் பயன்படும்.

பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது?

பிடிகாஸில் அதிகபட்சம் நான்கு கடிதங்கள் சேர்க்கலாம். இரண்டு அல்லது மூன்று கேட்பதே வழக்கம். ஒன்று இயன்முறை மருத்துவரிடமிருந்தும், ஒன்று உங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியரிடமிருந்தும் வர வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. குடும்பத்தினரும் குடும்ப நண்பர்களும் எழுதக் கூடாது. பெரிய பதவியில் இருப்பவர் பொதுப்படையாக எழுதும் நான்கு வரியைவிட, உங்களை ஆய்வகத்தில் ஒரு செமஸ்டர் முழுவதும் பார்த்த ஆசிரியரின் கடிதம் மேல். ஒருமுறை பதிவேறிய கடிதத்தை மாற்ற இயலாது என்பதால், பெயரைச் சேர்க்கும் முன்பே அவரிடம் நேரில் கேட்டு ஒப்புதல் பெறுங்கள்.

கட்டுரையில் என்ன எழுத வேண்டும்?

பிடிகாஸ் கட்டுரைக்கு இடைவெளிகளையும் சேர்த்து 4,500 எழுத்துக்குறிகள் வரை இடமுண்டு. அதாவது ஏறத்தாழ ஒரு பக்கத்துக்குச் சற்று மேல். தாம் அடிபட்டு, சிகிச்சை பெற்று, அதனால் இத்தொழிலை விரும்பியதாக எழுதுவோர் ஏராளம். அது உண்மையாகவே இருந்தாலும், அங்கேயே நின்றுவிட்டால் படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நோயாளியாக இருந்த நீங்கள், மறுபக்கத்தில் நின்று பார்த்தபோது எதைப் புதிதாகக் கண்டீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். முன்பு சொன்ன குறிப்பேடு இங்கே கைகொடுக்கும். ஜிபிஏவில் பள்ளம் இருந்தால் அதன் காரணத்தை இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடுங்கள்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? கடைசித் தேதிக்கு முன் அனுப்பினால் சரிதானே?

பிடிகாஸ் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத நடுவில் திறக்கிறது. அதில் விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் அடுத்த ஆண்டில் வகுப்பில் சேர்வார். கடைசித் தேதிகள் இலையுதிர் காலம் முதல் அடுத்த இளவேனில் வரை பரவியிருக்கின்றன. பல பல்கலைக்கழகங்கள் வரும் விண்ணப்பங்களை வரும் வரிசையிலேயே பரிசீலித்து இடங்களை நிரப்பிக்கொண்டே போவதால், கடைசித் தேதியில் வரும் நல்ல விண்ணப்பம் மிஞ்சிய சில இடங்களுக்கே போட்டியிடுகிறது.

நீங்கள் சமர்ப்பித்ததும் வேலை முடிவதில்லை. படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் நேரடியாகப் பிடிகாஸுக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளிக் காலத்தில் ஒரே ஒரு பாடம் எடுத்த சமுதாயக் கல்லூரிக்கும் (கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் ஈராண்டுக் கல்லூரிக்கும்) இது பொருந்தும். அதன் பிறகே சரிபார்ப்பு தொடங்குகிறது, அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். கடைசித் தேதி என்பது சமர்ப்பிக்கும் நாளா, சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டிய நாளா என்பதைப் பல்கலைக்கழகம்தோறும் பாருங்கள். முன்தேவைப் பாடங்கள் ஒன்றிரண்டு மீதமிருக்கும்போதே விண்ணப்பிக்கப் பலர் அனுமதிக்கிறார்கள்; எத்தனை மீதமிருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு.

நேர்காணலில் பாடத்திலிருந்து கேட்பார்களா?

பொதுவாக இல்லை. நீங்கள் நோயாளியோடும் சக மாணவரோடும் எப்படிப் பழகுவீர்கள் என்பதையே பார்க்கிறார்கள். தனியாகவும் குழுவாகவும் நடக்கும்; சில நிமிடங்களுக்கொரு முறை அறை மாறி வெவ்வேறு சூழலுக்குப் பதில் சொல்லும் முறையும் உண்டு; கேமரா முன் தனியே பேசிப் பதிவுசெய்யும் முறையும் உண்டு. குழு நேர்காணலில் அதிகம் பேசியவரே வென்றார் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஒரு புதிய கல்லூரியில் உடனே இடம் கிடைக்கிறது. அங்கீகாரம் 'வேட்பாளர் நிலை' என்று போட்டிருக்கிறது. சேரலாமா?

இக்கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு; கேட்க வேண்டியவர்கள் அதிகம். இயன்முறை மருத்துவக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் ஆணையம் கேப்டி. உரிமத் தேர்வு எழுத, கேப்டி அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பதே அமெரிக்காவில் படிப்போருக்கான பாதை. பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் பொது அங்கீகாரம் இதற்கு ஈடாகாது.

வேட்பாளர் நிலை என்பது, அப்படிப்பு அங்கீகாரத்தை நோக்கி முன்னேறுகிறது, மாணவரைச் சேர்க்கலாம் என்பதற்கான அனுமதி மட்டுமே. முழு அங்கீகாரம் உறுதி என்று அதற்குப் பொருளில்லை. முதல் வகுப்பு மாணவர்கள் படிப்பின் இறுதிக் கட்டத்தை எட்டும்போதுதான் முடிவு வருகிறது. பெரும்பாலும் அது நல்லபடியாகவே அமையும் என்றாலும், மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் செலுத்திய பின் தெரியவரும் முடிவு அது என்பதை அறிந்து சேர வேண்டும். வேறு நல்ல வாய்ப்பு கையில் இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். வேட்பாளர் நிலையும் இன்னும் பெறாத கல்லூரியாக இருந்தால், பணம் கட்டவே கூடாது.

நான் இந்தியாவில் பிபிடி முடித்தவன். அமெரிக்காவில் வேலை செய்ய டிபிடியை முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. வெளிநாட்டில் இயன்முறை மருத்துவம் படித்தவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. எஃப்சிசிபிடி போன்ற அமைப்பு உங்கள் பாடங்களை அமெரிக்கப் படிப்புடன் ஒப்பிட்டு மதிப்பிடும். குறைபடும் பாடங்களை ஈடுசெய்த பின், மாநில வாரியத்தின் ஒப்புதலுடன் என்பிடிஈ என்னும் தேசியத் தேர்வை எழுதலாம். 200 முதல் 800 வரையிலான அளவில் 600 பெற்றால் தேர்ச்சி. எந்த மாநிலத்தில் உரிமம் தேடுகிறீர்களோ அந்த மாநிலத்தின் விதியே இறுதியானது.

டிரான்சிஷனல் டிபிடி என்னும் படிப்பு வேறு. அது ஏற்கெனவே இத்தொழிலில் தகுதி பெற்றவர்கள் டிபிடி பட்டத்துக்கு உயர்வதற்கானது. கேப்டி தொழில்நுழைவுப் படிப்புகளுக்கு மட்டுமே அங்கீகாரம் அளிப்பதால், டிரான்சிஷனல் டிபிடி அதன் வரம்பில் வராது. அதை முடித்தது மட்டுமே உரிமத் தேர்வுக்குத் தகுதி தந்துவிடாது. முகவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதைப் பார்த்திருக்கிறேன். 'இது தொழில்நுழைவுப் படிப்பா?' என்று நேரடியாகக் கேளுங்கள். பிபிடி முடித்தவர் முழு டிபிடியில் சேர விரும்பினால் அதற்குத் தடையில்லை. ஆனால் பெரும்பாலும் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் மூன்று ஆண்டு பி.எஸ்சி. படித்தேன். என் மகளும் அப்படித்தான். விண்ணப்பிக்கலாமா?

வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்டைப் பாடம் பாடமாக மதிப்பிட்டு அனுப்ப வேண்டும்; டபிள்யூஇஎஸ் போன்ற அமைப்புகள் இதைச் செய்கின்றன. மூன்று ஆண்டுப் பட்டம் அமெரிக்காவின் நான்கு ஆண்டு இளநிலைக்கு இணையென ஏற்கப்படுமா என்பது மதிப்பிடும் அமைப்பையும், அதைவிட முக்கியமாகப் பல்கலைக்கழகத்தையும் பொறுத்தது. பட்டம் ஏற்கப்பட்டாலும் முன்தேவைப் பாடங்கள் அமெரிக்கக் கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும் என்று சொல்வோர் பலர். மகள் அமெரிக்காவிலேயே இருந்தால், அவற்றைச் சமுதாயக் கல்லூரியில் படிப்பது இரண்டு சிக்கலையும் ஓரளவு தீர்க்கும். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிப் பாடங்களை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாணவர் விசாவில் வருபவர் கூடுதலாக என்ன கவனிக்க வேண்டும்?

முதலில், அந்தப் படிப்பு வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும், எல்லோரும் சேர்ப்பதில்லை. டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளே செல்லும் என்பதால் மிக முன்னதாக எழுதிவிடக் கூடாது. முன்பு குறிப்பிட்ட விரைவுப் படிப்புகளில் பல பெரும்பகுதி இணையவழியில் நடக்கின்றன. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேரப் படிப்பின் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடத்தை மட்டுமே காட்டலாம் என்பதால், அவை பொதுவாக அவருக்கு ஏற்றவை அல்ல.

இடம் கிடைத்துவிட்டது. இனி ஏதாவது தடை வருமா?

சேர்க்கை நிபந்தனைக்கு உட்பட்டது. மீதமிருந்த முன்தேவைப் பாடங்களைக் கேட்ட கிரேடுடன் முடித்து இறுதி டிரான்ஸ்கிரிப்டை அனுப்ப வேண்டும். குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிச் சான்றுகள், காசநோய்ப் பரிசோதனை, முதலுதவி இதய இயக்கமூட்டல் சான்றிதழ் ஆகியவற்றையும் கேட்பார்கள். இவை மருத்துவமனைகளின் தேவை என்பதால் இவற்றில் விட்டுக்கொடுப்பு இருக்காது. கஞ்சாவை அனுமதிக்கும் மாநிலத்தில் வசித்தாலும் சோதனையில் அது தென்பட்டால் பயிற்சியிடம் மறுக்கப்படலாம் என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

போன வருடம் எங்குமே கிடைக்கவில்லை. அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் அனுப்பக் கூடாது. நிராகரித்த பல்கலைக்கழகங்களில் சில, காரணத்தைக் கேட்டால் சொல்கின்றன. முதலில் அதைக் கேளுங்கள். நேர்காணல் வரை போய்த் திரும்பியவருக்கும், நேர்காணலுக்கே அழைக்கப்படாதவருக்கும் குறைகள் வேறு. முன்னவர் கட்டுரையையும் பேச்சையும் கவனிக்க வேண்டும். பின்னவர் முன்தேவைப் பாடங்களின் ஜிபிஏவையும், விண்ணப்பித்த மாதத்தையும், பல்கலைக்கழகப் பட்டியலையும் திருத்த வேண்டும். தம் ஜிபிஏவைவிட சராசரி மிக உயர்ந்த ஐந்து இடங்களுக்கு மட்டும் நவம்பரில் விண்ணப்பித்தவர், அடுத்த ஆண்டு ஜூலையில் பொருத்தமான பட்டியலுடன் விண்ணப்பித்தால் அதுவே பெரிய மாற்றம். கட்டுரையைப் புதிதாக எழுதுங்கள். பழையதை அவர்கள் வைத்திருக்கக்கூடும்.